43 விநாடி அறுந்த இணைப்பு, 24 மணி நேரச் சீரமைப்பு: ஒரு தரவுத்தளக் கிளஸ்டரின் நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபர் 21, யுடிசி நேரம் 22:52. அமெரிக்கக் கிழக்குக் கரையில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் முதன்மைத் தரவு மையத்துக்கும் அங்குள்ள நெட்வொர்க் மையத்துக்கும் இடையே, பழுதாகிவந்த 100ஜி ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையில் இணைப்பு அறுந்தது. 43 விநாடியில் திரும்பவும் வந்துவிட்டது. ஆனால் சேவை முழுவதும் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

அந்த மாதக் கடைசியில் கிட்ஹப் வெளியிட்ட விரிவான அறிக்கை, கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் தரவுத்தள சர்வர்களின் தொகுப்பு) பராமரிக்கும் எவரும் வரி வரியாகப் படிக்க வேண்டிய ஒன்று. அன்று எந்த சர்வரும் சாகவில்லை, எந்த டிஸ்க்கும் போகவில்லை. ஒரு சர்வர் விழுந்தால் வேலையை மற்றொன்றுக்கு மாற்றும் ஃபெயில்ஓவர் கருவியும் தனக்குச் சொல்லிவைத்தபடியே வேலை செய்தது. பிரச்சினை திரும்பும் வழியில் இருந்தது. ஒரு கிளஸ்டர் எவ்வளவு விரைவாக இடம் மாறும் என்பதைப் பலரும் அளக்கிறார்கள். மாறிய இடத்திலிருந்து எவ்வளவு நேரத்தில், எதை இழக்காமல் திரும்பிவரும் என்பதை அளப்பவர்கள் மிகக் குறைவு. இந்த ஆய்வு அந்த இரண்டாவது அளவைப் பற்றியது.

அமைப்பு

தரவு, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் பல கிளஸ்டர்களில் இருந்தது. சில நூறு ஜிபி முதல் கிட்டத்தட்ட 5 டெராபைட் வரை அளவு. ஒவ்வொன்றிலும் எழுதுவதற்கு ஒரு பிரைமரி சர்வர்; படிப்பதற்கு, அதன் மாற்றங்களைத் தொடர்ந்து நகலெடுத்துக்கொள்ளும் (இதுவே ரெப்ளிகேஷன்) பல ரெப்ளிகாக்கள். பெரிய கிளஸ்டர்களில் அவை டஜன் கணக்கில். பிரைமரிகள் சாதாரணமாகக் கிழக்குக் கரையில் இருக்கும். மேற்குக் கரையிலும் ரெப்ளிகாக்கள் உண்டு. பிரைமரி விழுந்தால் புதியதைத் தேர்ந்தெடுப்பது ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற திறமூலக் கருவியின் பொறுப்பு. அந்தக் கருவியின் முனைகள் (அது ஓடும் சர்வர்கள்) ராஃப்ட் என்ற வாக்கெடுப்பு முறையில் தங்களுக்குள் பெரும்பான்மை சேர்த்துத்தான் எதையும் முடிவு செய்யும்.

அந்த முனைகள் கிழக்குத் தரவு மையம், மேற்குத் தரவு மையம், கிழக்குக் கரையிலுள்ள பொது கிளவுட் ஆகிய மூன்று இடங்களிலும் இருந்தன. கிழக்குத் தரவு மையம் தனித்துப்போனதும், மற்ற இரண்டு இடத்து முனைகளும் பெரும்பான்மை அமைத்துக்கொண்டன. அவற்றின் கண்ணில் கிழக்கு பிரைமரிகள் இல்லை. ஆகவே மேற்கிலிருந்த ரெப்ளிகாக்களைப் பிரைமரிகளாக உயர்த்தின. ராஃப்ட் விதிப்படி இதில் ஒரு பிழையும் இல்லை.

பிரிவு உண்டான கணம்

இணைப்பு அறுந்த நேரத்தில் கிழக்கு பிரைமரிகள் உயிரோடுதான் இருந்தன. அவை சிறிது நேரம் எழுத்துகளை (தரவில் எழுதப்படும் மாற்றங்களை) ஏற்றுக்கொண்டன. அந்த எழுத்துகள் மேற்கைச் சென்றடையவில்லை. இணைப்பு திரும்பியதும் அப்ளிகேஷன் சர்வர்கள் உடனே மேற்கின் புதிய பிரைமரிகளுக்கு எழுதத் தொடங்கின. கிழக்கில் இருப்பது மேற்கில் இல்லை, மேற்கில் சேர்வது கிழக்கில் இல்லை. மிகவும் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் இப்படிக் கிழக்கிலேயே தங்கிவிட்ட எழுத்துகள் 954.

954 சிறிய எண்தான். ஆனாலும் ஒரு எழுத்து போதும், பழைய பிரைமரியைப் பேசாமல் ரெப்ளிகாவாக இணைத்துக்கொள்ள முடியாமல் போவதற்கு. தானாக ஏறும் எண்ணைச் சாவியாக (வரியை அடையாளம் காட்டும் மதிப்பாக) கொண்ட ஒரு டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் 5001 என்ற எண்ணில் ஒரு வரி. அதே 5001, மேற்கில் வேறொருவரின் வேறொரு வரி. இரண்டையும் இணைக்கப் பார்த்தால் ரெப்ளிகேஷன் 1062 பிழையில் நிற்கும்: சாவி ஏற்கெனவே இருக்கிறது. திருத்தவேண்டிய வரி மறுபக்கத்தில் இல்லையென்றால் 1032. இந்தப் பிழைகளைத் தாண்டிப் போகச் சொல்லி ரெப்ளிகேஷனை நகர்த்துபவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. தாண்டிய ஒவ்வொரு வரியும் இரண்டு சர்வர்களில் இரண்டு உண்மைகளாக நிலைத்துவிடும். மாதங்கள் கழித்து எவரோ ஒருவரின் தரவு காணாமல் போனது போலத் தெரியும்போது காரணம் தேடினாலும் கிடைக்காது.

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி அடையாளம் தரும் ஜிடிஐடி முறை இயங்கும் கிளஸ்டரில் பிரிவைக் கண்டறிவது எளிது. பழைய பிரைமரி நிறைவேற்றிய ஜிடிஐடி தொகுப்பிலிருந்து புதிய பிரைமரியின் தொகுப்பைக் கழிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் ஜிடிஐடி-சப்ட்ராக்ட் என்ற ஃபங்ஷனே இதற்கு இருக்கிறது. விடை வெற்றாக வந்தால் பழையது ரெப்ளிகாவாகச் சேரலாம். ஒரே ஒரு பரிவர்த்தனை மிஞ்சினாலும் அந்த சர்வரைத் தொடக்கூடாது: ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்கி, மாற்றங்களைப் பதியும் பின்லாக் கோப்புகள் தானாக அழிவதை நிறுத்தி, அப்படியே வைக்க வேண்டும். மிஞ்சியதைக் கவனிக்காமல் சேர்த்துவிட்டு, பின்னொரு நாள் அதே சர்வரைப் பிரைமரியாக உயர்த்தினால், மற்ற ரெப்ளிகாக்கள் அந்தப் பரிவர்த்தனைகளைக் கேட்கும். பின்லாக் அதற்குள் அழிந்திருந்தால் 1236 பிழையோடு எல்லாமே நிற்கும்.

தொலைவு என்ற பாரம்

எழுதுவது மேற்குக்குப் போனபின் தளம் ஏன் திணறியது? அப்ளிகேஷன்கள் கிழக்கிலேயே இருந்தன. பெரும்பாலான தரவுத்தள அழைப்புகளுக்கு நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்வரும் தாமதத்தைத் தாங்கும்படி அவை எழுதப்படவில்லை.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 4,000 கிலோமீட்டருக்குப் போகவர 40 மில்லிவிநாடி. நேர்கோட்டில் கேபிள் போகாது என்பதால் 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக 30 அழைப்புகள் தேவையென்றால், உள்ளூரில் அரை மில்லிவிநாடி வீதம் 15 மில்லிவிநாடியில் முடிவது, தொலைவில் 1.8 விநாடி ஆகிறது. அதைவிட மோசமானது கனெக்ஷன் பூல், அதாவது அப்ளிகேஷன் பகிர்ந்து பயன்படுத்தும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு. விநாடிக்கு 2,000 வினவல்கள், ஒவ்வொன்றும் 2 மில்லிவிநாடி என்றால் ஒரே நேரத்தில் 4 இணைப்புகள் பிடிபட்டிருக்கும். 62 மில்லிவிநாடி ஆனால் 124. பூலின் வரம்பு 50 என்று இருந்தால் தரவுத்தளம் சும்மா இருக்கும்போதே அப்ளிகேஷன் வரிசையில் நின்று மூச்சுமுட்டும். சர்வரின் சிபியு வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத்தான் தெரியும்.

ஃபெயில்ஓவர் கருவிக்குத் தெரிந்தது எந்த சர்வர் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே. அந்த இடத்தில் அப்ளிகேஷன் வாழுமா என்பதை அது அறியாது. அமைப்பில் எழுதிவைத்தால்தான் அறியும்.

முதல் ஒரு மணி நேரம்

22:54க்கு எச்சரிக்கைகள் வந்தன. 23:02க்குப் பல கிளஸ்டர்களின் அமைப்பு எதிர்பாராத நிலையில் இருப்பது புரிந்தது: ஆர்க்கெஸ்ட்ரேட்டர் காட்டிய வரைபடத்தில் மேற்குக் கரை சர்வர்கள் மட்டுமே இருந்தன. 23:07க்கு புதிய நிரலை சர்வர்களில் ஏற்றும் டெப்ளாய் கருவியைப் பூட்டினார்கள். 23:19க்கு வெப்ஹுக் (நிகழ்வுகளை வெளி சர்வர்களுக்குத் தெரிவிக்கும் செய்தி) அனுப்புவதையும் பேஜஸ் பில்டுகளையும் (பயனர்களின் இணையதளங்களை உருவாக்கும் வேலைகளை) வேண்டுமென்றே நிறுத்தினார்கள். பயனருக்குத் தெரியும் குறை கூடினாலும், எழுதும் பாரம் குறையட்டும், தரவு மேலும் சிக்கலாகாமல் இருக்கட்டும் என்ற முடிவு அது.

இந்த முடிவு சரியானது. மேற்கில் ஏற்கெனவே பல நிமிடங்களுக்கான எழுத்துகள் சேர்ந்துவிட்டன. அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டுக் கிழக்குக்கே திரும்பியிருந்தால் தளம் சீக்கிரம் வேகமாகியிருக்கும். பயனர்கள் எழுதியது போயிருக்கும். அவர்கள் நேரத்தைக் கொடுத்துத் தரவைக் காத்தார்கள். இப்படிப்பட்ட தேர்வை நள்ளிரவில் விவாதிக்கக் கூடாது. எது முதலில், தரவா நேரமா என்பது ஒவ்வொரு கிளஸ்டருக்கும் முன்பே எழுதி, பொறுப்பாளர் ஒப்புதலோடு இருக்க வேண்டும். செஷன்களை வைத்திருக்கும் கிளஸ்டருக்கும் கணக்குகளை வைத்திருக்கும் கிளஸ்டருக்கும் ஒரே விடை வராது.

பேக்கப்பிலிருந்து எழுப்புதல்

00:05க்குத் திட்டம் வகுத்தார்கள்: கிழக்கைப் பேக்கப்பிலிருந்து மீட்பது, இரு கரைகளையும் ஒத்திசைப்பது, பழைய அமைப்புக்குத் திரும்புவது, பிறகு தேங்கிய வேலைகளை ஓட்டுவது. 00:41க்குள் பாதிக்கப்பட்ட எல்லாக் கிளஸ்டர்களுக்கும் மீட்பு தொடங்கியிருந்தது. பேக்கப்கள் 4 மணி நேரத்துக்கொருமுறை எடுக்கப்பட்டவை, நாள்தோறும் சோதிக்கப்பட்டவை. ஆனால் அவை தொலைவில், பொது கிளவுடில் இருந்தன. பல டெராபைட்டை இறக்கி, சுருக்கம் பிரித்து, தரவு சிதையவில்லை என்று காட்டும் செக்சம் பார்த்து, தயார்படுத்தி, புதிய சர்வர்களில் ஏற்றுவது மணிக்கணக்கில் இழுத்தது. ஒரு கிளஸ்டர் முழுவதையும் பேக்கப்பிலிருந்து கட்டி எழுப்பும் தேவை அதுவரை அவர்களுக்கு வந்ததே இல்லை.

பேக்கப் திறக்கிறதா என்ற சோதனையும், எத்தனை மணி நேரத்தில் கிளஸ்டர் எழும் என்ற சோதனையும் வேறு வேறு. 10 ஜிகாபிட் இணைப்பை முழுவதும் பிடித்தால் 5 டெராபைட் இறங்க 67 நிமிடம். நடைமுறையில் விநாடிக்கு 300 எம்பி கிடைத்தால் 4 மணி 38 நிமிடம். ஐந்து கிளஸ்டர்கள் ஒரே குழாயைப் பகிர்ந்தால் அதையும் வகுத்துக்கொள்ள வேண்டும். இறக்குதல், விரித்தல், செக்சம், தயாரிப்பு, ஏற்றுதல் என ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நேரத்தைக் குறித்து, காலாண்டுக்கு ஒருமுறையாவது மிகப் பெரிய கிளஸ்டரை முழு அளவில் மீட்டுப் பார்ப்பது அவசியம். கடைசி ஒரு பேக்கப்பையாவது அதே வளாகத்தில் வைத்தால் முதல் கட்டமே சுருங்கிவிடும். சில மணி நேரம் வேண்டுமென்றே பின்தங்கவைத்த ரெப்ளிகா ஒன்று இருப்பது தவறான டெலீட்டுக்கு நல்ல மருந்து. முழு வளாகம் பிரிந்த நேரத்தில் அது தனியாகப் போதாது.

எட்டிப்பிடிக்கும் கணக்கு

06:51க்குச் சில கிளஸ்டர்கள் கிழக்கில் எழுந்து, மேற்கிலிருந்து புதிய எழுத்துகளை வாங்கத் தொடங்கின. 11:12க்கு எல்லாப் பிரைமரிகளும் கிழக்குக்குத் திரும்பிவிட்டன; தளமும் வேகமாயிற்று. ஆனால் டஜன் கணக்கான ரெப்ளிகாக்கள் பல மணி நேரம் பின்தங்கியிருந்தன. பயனர்கள் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வேறு ரெப்ளிகாவில் விழுந்து, வேறு வேறு காலத்துத் தரவைப் பார்த்தார்கள். முடியும் நேரம் பற்றிய மதிப்பீடும் பொய்த்தது. பின்தங்கல் நேர்கோட்டில் குறையும் என்று நினைத்திருந்தார்கள். அது போகப்போக மெதுவாகிக்கொண்டே குறைந்தது. அதோடு ஐரோப்பாவும் அமெரிக்காவும் விழித்து வேலையைத் தொடங்க, எழுதும் பாரமும் ஏறியது.

இந்தத் தவறு எளிதில் நடக்கும். விநாடிக்கு 1,000 எழுத்துகள் வரும் கிளஸ்டரில் 6 மணி நேரத் தேக்கம் 2 கோடியே 16 லட்சம் பரிவர்த்தனைகள். ரெப்ளிகா விநாடிக்கு 1,200 செலுத்தக்கூடியது என்றால் மிச்சம் 200தான். தேக்கம் தீர 30 மணி நேரம். இரவில் வரத்து 600க்கு இறங்கினால் 10 மணி நேரம். செலுத்தும் வேகத்தை 2,000 ஆக்கினால் பகலிலேயே 6 மணி நேரம். மதிப்பீட்டை முடிவு செய்வது வேகம் அல்ல, வேகத்துக்கும் வரத்துக்கும் உள்ள இடைவெளி. ஆகவே ஒவ்வொரு கிளஸ்டருக்கும் உச்ச நேர வரத்தையும் ரெப்ளிகாவின் அதிகபட்சச் செலுத்து வேகத்தையும் முன்பே அளந்து வைக்க வேண்டும். அமைதியான நாளில் ஒரு ரெப்ளிகாவில் வந்த மாற்றங்களைச் செலுத்தும் எஸ்க்யூஎல் த்ரெட்டை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, மறுபடி ஓடவிட்டு எவ்வளவில் எட்டிப்பிடிக்கிறது என்று பார்த்தால் அந்த எண் கிடைத்துவிடும்.

வேகத்தை ஏற்ற வழிகள் உண்டு. இணையாகச் செலுத்தும் த்ரெட்டுகளைக் கூட்டலாம், கமிட் (பரிவர்த்தனை உறுதியாவது) வரிசை காக்கும் அமைப்போடு. எட்டிப்பிடிக்கும் ரெப்ளிகாவில் மட்டும், ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கில் ஃப்ளஷ் செய்வதை (உடனே எழுதிவைப்பதை) தளர்த்தி, சமமானதும் மறக்காமல் பழைய மதிப்புக்கு மாற்றலாம். தளர்த்திய நேரத்தில் மின்சாரம் போனால் அந்த ரெப்ளிகாவை மறுபடி கட்டத்தான் வேண்டும். பிரைமரியில் இதைச் செய்யக்கூடாது. கிட்ஹப் செய்தது இன்னொரு வழி: 13:15 வாக்கில் உச்சப் பாரம் நெருங்க, கிழக்குப் பொது கிளவுடில் கூடுதல் ரெப்ளிகாக்களை எழுப்பினார்கள். படிக்கும் பாரம் பரவியதும் ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் எட்டிப்பிடிக்க மூச்சுவிட இடம் கிடைத்தது. 16:24க்கு எல்லாம் சமமாகி, பழைய அமைப்புக்குத் திரும்பின.

அப்போதும் வேலை முடியவில்லை. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்ஹுக் நிகழ்வுகளும் 80,000 பேஜஸ் பில்டுகளும் வரிசையில் காத்திருந்தன. அவற்றை ஓட்டத் தொடங்கியபோது, சுமார் 2 லட்சம் வெப்ஹுக்குகள் உள்ளே வைத்திருந்த ஆயுள் வரம்பைத் தாண்டியதால் கைவிடப்பட்டன. கண்டுபிடித்ததும் ஓட்டத்தை நிறுத்தி வரம்பை நீட்டினார்கள். வரிசையை நிறுத்தும் செயல்முறையில் முதல் படியே ஆயுள் வரம்பை நீட்டுவதாக இருக்க வேண்டும். 22ஆம் தேதி 23:03க்கு, சேவையின் நிலையைக் காட்டும் நிலைப்பக்கம் பச்சையாயிற்று.

எதைக் கண்காணிப்பது

மைஎஸ்க்யூஎல் தானே காட்டும் ‘எத்தனை விநாடி பின்னால்’ என்ற எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அது, வந்து சேர்ந்த மாற்றங்களை ரெப்ளிகா வைத்திருக்கும் ரிலே லாகுக்கும் செலுத்தியதற்கும் இடையிலான தூரத்தைத்தான் சொல்லும். எதுவுமே வந்து சேராவிட்டால் பூஜ்யம் காட்டும். இணைப்பு போய்விட்டது என்று ரெப்ளிகா உணர அண்மைப் பதிப்புகளில் இயல்பாக 60 விநாடி ஆகும். 43 விநாடி மட்டும் சத்தமில்லாமல் அறுந்த இணைப்பை இயல்பு அமைப்பிலுள்ள ரெப்ளிகா கவனிக்காமலே போகலாம். ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் ஆவணங்கள் இதை 4 விநாடியாகக் குறைக்கச் சொல்கின்றன. குறைத்தபின் ரெப்ளிகேஷன் அமைப்புக் கட்டளையை மறுபடி கொடுத்தால்தான் பிரைமரி அனுப்பும் இதயத்துடிப்பின் (இணைப்பு இருப்பதைக் காட்டும் சமிக்ஞையின்) இடைவெளியும் குறையும். மறந்தால், துடிப்பு வருவதற்குள் ரெப்ளிகா பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் இணைத்துக்கொண்டே இருக்கும்.

உண்மையான பின்தங்கலை அளக்க, பிரைமரியில் விநாடிக்கொருமுறை நேரமுத்திரையை ஒரு டேபிளில் எழுதி, ரெப்ளிகாவில் அதைப் படித்துக் கழிக்க வேண்டும். சர்வர் கடிகாரங்கள் ஒத்திருப்பதையும் கூடவே கண்காணிக்க வேண்டும்.

அடுத்தது, மிக எளிதாக இருந்தும் பல இடங்களில் இல்லாத எச்சரிக்கை: ஒரு கிளஸ்டரில் ரீட்-ஒன்லி அணைந்திருக்கும் சர்வர்கள் எத்தனை? விடை எப்போதும் 1. அது 5 விநாடிக்கு மேல் 0 ஆகவோ 2 ஆகவோ இருந்தால் ஆளை எழுப்பு. இதை ஒவ்வொரு வளாகத்திலிருந்தும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஃபெயில்ஓவர் கருவியிடம் கேட்டால் அதன் கண்ணில் தெரியும் பாதி உலகம்தான் விடையாக வரும். ரெப்ளிகா ஒன்று பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தரும்வரை பிரைமரி காத்திருக்கும் செமி-சிங்க் முறையின் நிலையையும் கவனிக்க வேண்டும். ஒப்புதல் வராவிட்டால், இயல்பாக 10 விநாடி காத்துவிட்டு, அது சத்தமில்லாமல் சாதாரண ரெப்ளிகேஷனுக்கு இறங்கிவிடும். ஒப்புதல் தரும் ரெப்ளிகா அதே வளாகத்தில் இருந்தால், வளாகம் முழுவதும் தனித்துப்போகும்போது செமி-சிங்க் எதையும் தடுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மாற்ற வேண்டிய அமைப்புகள்

கிட்ஹப் முதலில் செய்தது, பிராந்திய எல்லை தாண்டிப் பிரைமரியை உயர்த்தாதபடி ஆர்க்கெஸ்ட்ரேட்டர் அமைப்பை மாற்றியது. அதே பிராந்தியத்துக்குள் மாறுவது தானாக நடக்கட்டும். கரை மாறுவதை மனிதர் முடிவு செய்யட்டும். அப்ளிகேஷனும் சேர்ந்து இடம் மாறத் தெரியாத எந்த அமைப்புக்கும் இதுவே சரி.

தனித்துப்போன பிரைமரி தானே எழுதுவதை நிறுத்த வேண்டும். போஸ்ட்க்ரெஸ் தரவுத்தள உலகில் பட்ரோனி என்ற ஃபெயில்ஓவர் கருவி இதைச் செய்கிறது: தலைமைப் பூட்டைப் புதுப்பிக்க முடியாத பிரைமரி தன்னைத்தானே இறக்கிக்கொள்ளும், பூட்டின் இயல்பு ஆயுள் 30 விநாடி. மைஎஸ்க்யூஎல் குரூப் ரெப்ளிகேஷனில் சிறுபான்மைப் பக்கம் எழுத்துகளை நிறைவேற்ற முடியாமல் நிற்கும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில் இதை நாமே கட்ட வேண்டும்: ஒவ்வொரு பிரைமரியோடும் ஒரு சிறு நிரல், பெரும்பான்மை முனைகளை 10 விநாடி எட்ட முடியாவிட்டால் நிர்வாகியையும் எழுதவிடாத சூப்பர் ரீட்-ஒன்லியை இயக்கும்படி. கருவி புதிய பிரைமரியை உயர்த்த எடுக்கும் நேரத்தைவிட அந்த 10 குறைவாக இருக்க வேண்டும். கூடினால் இடையில் இரண்டு பிரைமரிகள் எழுதும். இதற்கும் விலை உண்டு: நெட்வொர்க்கின் ஒவ்வொரு சிறு இடறலிலும் எழுதுவது நிற்கும்.

நெட்வொர்க் பராமரிப்பு வேலைக்குத் தரவுத்தளக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவது செலவே இல்லாத மாற்றம். வேலை தொடங்கும்முன் தானியங்கி மீட்பை முழுவதுமாக அணைக்க ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் கட்டளை இருக்கிறது. வேலை முடிந்து, எல்லா ரெப்ளிகாக்களும் சமமான பிறகே இயக்க வேண்டும். இயக்க மறப்பது அடுத்த விபத்துக்கு வித்து என்பதால், அணைந்திருக்கும் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் ஒரு எச்சரிக்கை வரட்டும்.

மிஞ்சிய எழுத்துகள்

நிலைப்பக்கம் பச்சையான பின்னும் கிழக்கில் தங்கிய எழுத்துகளின் வேலை இருந்தது. பின்லாக்கைச் சேமித்துவைத்து ஆராய்ந்தார்கள். சில எழுத்துகள், மேற்கில் பயனரே மறுபடி செய்துவிட்டதால் தாமாகச் சேர்ந்துகொள்ளக்கூடியவை. சிலவற்றுக்குப் பயனரைத்தான் கேட்க வேண்டும்.

இதைச் செய்ய நேர்ந்தால் வரிசை இதுதான்: பழைய பிரைமரியின் பின்லாக்கிலிருந்து கழித்துக் கிடைத்த ஜிடிஐடிகளை மட்டும் மைஎஸ்க்யூஎல்பின்லாக் கருவியால், வரிகள் கண்ணுக்குத் தெரியும் வடிவில் பிரித்தெடுக்கவும். டேபிள் வாரியாகக் குழுவாக்கவும். எண்ணிக்கைகள், கடைசியாகப் பார்த்த நேரம் போன்றவற்றை விட்டுவிடலாம், மறுகணக்கில் சரியாகும். புதிதாகச் சேர்ந்த வரிகளுக்கு, அதே சாவி புதிய பிரைமரியில் வேறு உள்ளடக்கத்தோடு இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் புதிய எண்ணில் சேர்த்து, பழைய எண்ணைச் சுட்டும் வரிகளையும் சேர்த்தே மாற்றவும். அந்தப் பழைய எண் மின்னஞ்சலிலோ வெப்ஹுக்கிலோ வெளியே போயிருந்தால் பெற்றவர்களுக்குத் தெரிவிக்கவும். திருத்தங்களில், வரியின் பழைய உருவம் புதிய பிரைமரியில் இப்போதும் அப்படியே இருந்தால் மட்டும் செலுத்தவும். அழித்தல்களை எப்போதும் ஒருவர் கண்ணால் பார்த்தபிறகே. எல்லாம் முடிந்து, ஒவ்வொரு ஜிடிஐடிக்கும் எதிரே என்ன செய்யப்பட்டது என்ற பதிவு நிரம்பிய பிறகுதான் பழைய சர்வரை அழித்து, புதிய ரெப்ளிகாவாகக் கட்டலாம்.